ஸ்ராட்டருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

பலாப்பழக் காலத்தில் தென்மராட்சிக் கிராமங்களில் விடியுமுன்னரே வேலை தொடங்கிவிடும். முற்றத்தில் குவித்த பழங்களை எண்ணி, சாக்கு விரித்து லொறியில் அடுக்கி, வெயில் ஏறுமுன் சாவகச்சேரிச் சந்தைக்கோ கொடிகாமச் சந்தைக்கோ கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். ஒரு மணிநேரம் பிந்தினால் விலை இறங்கும். ஒரு நாள் பிந்தினால் பழம் பழுத்து வெடித்துவிடும். இந்த ஓட்டம் முழுவதும், எஞ்சினின் பக்கத்தில் சாரதியின் கண்ணுக்குத் தெரியாமல் பொருத்தப்பட்டிருக்கும் ஒரு மோட்டரில் தங்கியிருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஸ்ராட்டர் சுழன்றால் லொறி புறப்படும். சுழலாவிட்டால் ஒரு கிராமத்தின் அன்றைய உழைப்பு முற்றத்திலேயே கிடக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதை நாம் கசப்பாகவே கற்றுக்கொண்டோம். மகளிர் குழுக்களின் விளைபொருட்களைச் சந்தைக்கு ஏற்றுவதற்காக எமது பணியகத்தில் பெட்போட் லொறி ஒன்று இருந்தது. 1960களில் தயாரானது, ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். அதன் ஸ்ராட்டர் எரிந்துபோனது. அதே வகை எங்கும் அகப்படவில்லை. பழைய இரும்பு விற்கும் இடமொன்றில், டீசல் லொறியிலிருந்து கழற்றிய ஸ்ராட்டர் ஒன்று கிடந்தது. பார்வைக்குப் பெரியது, பாரமானது. "பெரியது என்றால் பலம்தானே" என்று மகிழ்ந்து வாங்கி வந்தோம். போல்ற் துளைகள் நேராக வரவில்லை. அரத்தால் அராவித் துளைகளைப் பெருப்பித்து, இடையில் ஒரு தகடு வைத்து இறுக்கினோம். லொறி புறப்பட்டது. அவசரத்தில் நின்ற எமக்கு அது போதுமாயிருந்தது.

மூன்று வாரம் ஓடியது. நான்காவது வாரத்தில், பழம் ஏற்றி முடித்த ஒரு காலையில், ஸ்ராட்டர் வெறுமனே இரைந்து சுழன்றது, எஞ்சின் அசையவில்லை. பிளைவீலைச் சுற்றியிருந்த பற்கள் ஓரிடத்தில் மழுங்கி உதிர்ந்துவிட்டன. உதவிக்கு நின்ற இளைஞர் ஹான்டிலைப் போட்டுச் சுற்றினார். எஞ்சின் திருப்பி அடித்தது. அவருடைய மணிக்கட்டு முறிந்தது. அன்று பழங்களில் பாதி சந்தைக்குப் போய்ச் சேரவில்லை.

கழற்றிப் பார்த்த முதிய திருத்துநர் ஒருவர், உடைந்த பற்களை உள்ளங்கையில் வைத்துக் காட்டிச் சொன்னார்: "பாதர், பெரிசு எண்டாப் பலம் எண்டு நினைச்சுப் போட்டியள். கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்கிற ஊர். இதுக்கு ஒரு பொருத்தமும் பாக்கேல்லையே?"

அவர் எம்மைக் குறை சொல்லவில்லை. ஆயினும் அந்தக் கேள்வி எம்மை விட்டுப் போகவில்லை. ஒரு எஞ்சினின் ஸ்ராட்டரை இன்னொன்றுக்கு மாற்றுவது எம் ஊரில் புதிய வித்தையல்ல. அதை அறிந்து செய்தவர்களின் லொறிகள் பல ஆண்டுகள் ஓடின. அறியாமல் செய்த நாம் ஓர் இளைஞனின் கையை முறித்தோம். அன்று தொடக்கம் நாம் கேட்டு, பார்த்து, அளந்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

பழைய எஞ்சின்கள் இங்கே ஏன் நிலைத்தன?

செவர்லே, போர்ட், பெட்போட் போன்ற லொறிகளின் அடிச்சட்டத்தின் மேல் மரத்தால் உடல் கட்டி ஓடிய 'தட்டிவான்'களை எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். கொடிகாமத்திலிருந்து வரணி வழியாகப் பருத்தித்துறை வரை ஆட்களோடு தேங்காய்ச் சாக்கையும் மாம்பழக் கூடையையும் ஏற்றிச் சென்றவை அவை. பின்புறத் தட்டிச் சங்கிலியில் தொங்க, அதன் மேலும் மூட்டைகள் இருக்கும். இவற்றில் ஒன்றிரண்டு போர் முடிந்த பின்னரும் ஓடின.

இவை நிலைத்ததற்கு ஆசை மட்டும் காரணமல்ல. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருள், பற்றறி, உதிரிப்பாகங்கள் யாவும் தடைப்பட்டன. அப்போது நாம் சிறுவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. கார்களும் லொறிகளும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

இந்தச் சிகிச்சையைத் தாங்கியவை பழைய எஞ்சின்களே. 1940களிலும் 1950களிலும் வந்த பெற்றோல் எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று அளவில் அல்லது அதற்கும் குறைவாக இருந்தது. மண்ணெண்ணெய் அந்த அளவு அமுக்கத்தில் ஓரளவு ஒழுங்காக எரியும். அமுக்கம் கூடிய புதிய எஞ்சின்களில் அது நேரத்துக்கு முந்தி வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். ஆகவே புதிய கார்கள் கொட்டிலில் நிற்க, ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் பழைய லொறிகளும் வீதியில் ஓடின. ஆனால் அவற்றுக்கும் ஒரு குறை. ஸ்ராட்டர் இருந்தும் பற்றறி இல்லை. ஆகவே தள்ளினார்கள், அல்லது ஹான்டில் போட்டுச் சுற்றினார்கள்.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்குள் வந்த பெருங்கூட்டத்தின் நடுவே இவ்வாறான வாகனங்களும் வந்தன. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரம் பெரும்பாலும் இடிந்தழிந்தது. கராஜ்களும், பல ஆண்டுகளாகச் சேர்த்த ஆயுதங்களும் உதிரிகளும் அத்தோடு போயின. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபோது மூச்சு வந்தது. 2006 ஓகஸ்ரில் வீதி மீண்டும் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின்னரே திறந்தது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நாடு முழுவதற்கும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அது பெருமளவில் தளர 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில், பழையதைப் பழுது பார்த்து ஓட்டுவது எப்படி என்று தெற்கிலுள்ளவர்களும் தேடினார்கள். கியூபா நாட்டிலும் இதே கதைதான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா வணிகத் தடை விதித்தபின், அங்கு 1950களின் அமெரிக்கக் கார்களுக்குள் சோவியத் எஞ்சின்களைப் பூட்டி ஓட்டினார்கள். இல்லாமை எங்கும் ஒரே பாடத்தையே கற்பிக்கிறது.

ஸ்ராட்டர் என்ன செய்கிறது?

எஞ்சின் தானாகப் புறப்படாது. யாராவது முதலில் அதைச் சுழற்றிவிட வேண்டும். தொடக்கத்தில் அது மனிதக் கையின் வேலை. எத்தனையோ கைகள் முறிந்தன. அமெரிக்காவில் சாள்ஸ் கெற்றரிங் உருவாக்கிய மின் ஸ்ராட்டர் 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் வந்தது. அடிப்படை இன்றும் மாறவில்லை. மோட்டரின் தண்டில் பினியன் எனப்படும் சிறிய பல்லுச் சில்லு உண்டு. எஞ்சினின் பிளைவீலைச் சுற்றி றிங் கியர் எனப்படும் பெரிய பல் வளையம் உண்டு. சின்னது பெரியதைச் சுழற்றும்.

கணக்கொன்று பார்ப்போம். றிங் கியரில் 117 பற்கள், பினியனில் 9 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். மோட்டர் 13 முறை சுழன்றால் எஞ்சின் ஒரு முறை சுழலும். எஞ்சினை நிமிடத்துக்கு 100 சுற்று சுழற்ற, மோட்டர் 1,300 சுற்று சுழல வேண்டும். எஞ்சின் பிடித்து 1,000 சுற்றுக்குப் போன பின்னும் பினியன் விலகாவிட்டால், மோட்டரை எஞ்சின் 13,000 சுற்றில் இழுத்துச் சுழற்றும். ஆமேச்சரின் செப்புக் கம்பிகள் பிய்ந்து வெளியே பாயும். எனவே ஸ்ராட்டரின் பாதி வேலை சேர்வது. மறுபாதி வேளைக்கு விலகுவது.

இந்தச் சேர்தலும் விலகலும் இரு வகையில் நடக்கின்றன. பழைய வகையில் பினியன் ஒரு புரியின் மேல் இருக்கும். மோட்டர் திடீரெனச் சுழல, பினியன் புரியில் ஓடிப்போய் றிங் கியரைக் கவ்வும். எஞ்சின் பிடித்ததும் அது பின்னே தள்ளப்படும். இதை எம்மவர் 'பென்டிக்ஸ்' என்பர். பிந்திய வகையில் சொலனொயிட் முதலில் பினியனைத் தள்ளிச் சேர்த்துவிட்டு, அதன் பின்னரே முழு மின்னோட்டத்தையும் விடும். இரண்டாவது மென்மையானது. முதலாவது எளியது, எந்த ஊரிலும் கழற்றிப் பூட்டலாம்.

மாற்றுமுன் ஒரு சோதனை

'ஸ்ராட்டர் போய்விட்டது' என்று சொல்லப்படும் பலவற்றில் ஸ்ராட்டர் போயிருப்பதில்லை. பற்றறி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவைச் சுடுநீரால் கழுவுங்கள். எஞ்சினிலிருந்து அடிச்சட்டத்துக்குப் போகும் எர்த் வயரைக் கழற்றி, துருவைச் சுரண்டிப் பூட்டுங்கள். ஸ்ராட்டர் இழுப்பது நூற்றுக்கணக்கான அம்பியர். விரல்நகம் அளவு துருவும் அதைத் தடுக்கும். ஸ்ராட்டரை அழுத்தும்போது ஒரு வயர் இணைப்பு சூடாகிறதென்றால் குற்றவாளி அங்கேதான்.

பென்டிக்ஸ் வகையில் மோட்டர் சுழன்றும் பினியன் பாயாவிட்டால், புரியை மண்ணெண்ணெயில் கழுவி உலர விடுங்கள். அதற்கு எண்ணெய் பூசுவது நல்லெண்ணம், ஆனால் தவறு. கிளச்சிலிருந்து வரும் தூள் எண்ணெயில் ஒட்டிப் பினியனை இறுக்கிவிடும். பினியன் றிங் கியரில் சிக்கி நின்றால் இக்னிசனை நிறுத்தி, கியரில் போட்டு வாகனத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். லூக்காஸ் ஸ்ராட்டர்கள் பலவற்றில் தண்டின் பின்முனை சதுரமாக இருக்கும். அதில் சாவி போட்டுத் திருப்பினாலும் விடுபடும்.

காபன் பிறஸ் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். தட்டுப்பாட்டுக் காலத்து நினைவில், பழைய ரோர்ச் பற்றறியின் காபன் கம்பியை வெட்டி வைக்கலாமே என்று சிலர் கேட்பர். ஸ்ராட்டரின் பிறஸ் வெறும் காபன் அல்ல. பெருமளவு செப்புத் தூள் கலந்தது. வெறும் காபன் அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்காது. புஷ் தேய்ந்து ஆமேச்சர் சாய்ந்து உரசுகிறதா என்றும் பாருங்கள். புஷ் ஒன்றை லேத்தில் கடைந்து போடுவது, ஸ்ராட்டர் முழுவதையும் தேடி அலைவதிலும் சுலபம்.

இத்தனைக்குப் பின்னும் சரிவராவிட்டால்தான் மாற்ற வேண்டும். அப்போது பார்க்க வேண்டிய பொருத்தங்கள் ஏழு.

ஏழு பொருத்தங்கள்

முதலாவது, பல். இரண்டு பினியன்களிலும் பற்களை எண்ணுங்கள். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் போதாது. பல்லின் பருமனும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளிவிட்டத்தை வேர்னியரால் அளந்து ஒப்பிடுங்கள். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பினியன் பற்களில் பூசி, றிங் கியரில் கையால் உருட்டுங்கள். கரி பல்லின் நடுப்பகுதியில் ஒட்டினால் நல்லது. நுனியில் மட்டும் அல்லது ஒரு கரையில் மட்டும் ஒட்டினால் அந்தச் சம்பந்தத்தை விட்டுவிடுங்கள். எமது லொறியில் பற்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தன. கரி பூசிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் உண்மை வெளிவந்திருக்கும்.

இரண்டாவது, திசை. பெரும்பாலான எஞ்சின்கள் ஒரே பக்கமாகவே சுழல்கின்றன. ஆயினும் சிலவற்றில் ஸ்ராட்டர் எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பூட்டப்படும். சிலவற்றில் கியர்ப் பெட்டிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் பூட்டப்படும். பினியன் முனையிலிருந்து பார்த்தால் இவ்விரண்டின் சுழற்சியும் எதிரெதிரானவை. பீல்ட் கொயில் இணைப்பை மாற்றி மோட்டரின் திசையை மாற்றலாம். ஆனால் பென்டிக்ஸ் புரியின் திசை மாறாது. பினியன் பாயவே மாட்டாது.

மூன்றாவது, இருக்கை. ஸ்ராட்டரின் முகப்பில் வட்டமான ஒரு கழுத்து உண்டு. அது கூட்டின் துளைக்குள் இறுக்கமாக அமர வேண்டும். நடுவைச் சரியாக நிறுத்துவது அந்தக் கழுத்துத்தான். போல்ற்கள் இறுக்கிப் பிடிக்க மட்டுமே. கழுத்து தளர்ந்திருக்க, துளைகளை அராவிப் பூட்டினால் பினியன் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் கவ்வும். எமது தவறு இதுதான். கழுத்துச் சிறிதானால் லேத்தில் ஒரு வளையம் கடைந்து இறுக்கலாம். பெரிதானால் ஸ்ராட்டரின் முகப்பைக் கடையலாம். கூட்டை ஒருபோதும் வெட்ட வேண்டாம். ஸ்ராட்டர் இன்னொன்று கிடைக்கும், கூடு கிடைக்காது.

நான்காவது, எட்டம். பினியன் ஓய்வாக இருக்கும்போது றிங் கியரைத் தொடக் கூடாது. பொதுவாக 3 மில்லிமீற்றர் அளவு இடைவெளி வேண்டும். பாய்ந்து சேரும்போது பல்லின் அகலத்தில் பெரும்பகுதியைக் கவ்வ வேண்டும். எட்டம் கூடினால் இடையில் தகடு வைக்கலாம். ஆனால் அத்தகடு ஒரே தடிப்பில், தட்டையாக, கழுத்துக்கு வட்டத் துளையுடன் கடையப்பட்டிருக்க வேண்டும். தகரத் துண்டுகளைச் செருகுவது வேலையல்ல.

ஐந்தாவது, வோல்ற். 1950களின் நடுப்பகுதிவரை வந்த அமெரிக்கச் செவர்லே, போர்ட் லொறிகள் 6 வோல்ற். பிரித்தானிய லொறிகள் பலவும் 12. பெரிய டீசல் பஸ், லொறிகள் பலவற்றில் 24. 6 வோல்ற் ஸ்ராட்டர் 12 வோல்ற்றில் துடிப்பாகச் சுழலும். பலர் அப்படி ஓட்டியுமிருக்கிறார்கள். ஆனால் பினியன் சம்மட்டி போல் பாய்ந்து றிங் கியரை அடிக்கும்; சில விநாடிக்கு மேல் அழுத்தினால் கொயில் கருகும். 24 வோல்ற் ஸ்ராட்டரை 12இல் போட்டால் அது சோம்பிச் சுழலுமேயன்றி எஞ்சினை எழுப்பாது.

ஆறாவது, பலம். பழைய பெற்றோல் எஞ்சினை நிமிடத்துக்கு 50 முதல் 100 சுற்றுச் சுழற்றினால் பிடித்துவிடும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி இல்லை; காற்றை 16 மடங்குக்கும் மேல் அமுக்கி, அந்தச் சூட்டில் எரிபொருளை எரிக்க வேண்டும். ஆகவே அதற்குப் பலமும் வேகமும் கூட வேண்டும். பெற்றோல் பெட்போட்டைக் கழற்றிவிட்டுப் பேர்கின்ஸ் பி-6 போன்ற டீசல் எஞ்சினைப் பூட்டியவர்கள், ஸ்ராட்டரையும் பற்றறியையும் வயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மறுபக்கமாக, டீசலின் ஸ்ராட்டரைப் பெற்றோல் எஞ்சினில் போட்டால் பலம் பயன் தராது. அது பற்களையே தின்னும்.

ஏழாவது, முனை. 1950களின் பிரித்தானிய வாகனங்களில் பெரும்பாலும் பற்றறியின் நேர் முனை அடிச்சட்டத்தோடு இணைந்திருக்கும். செவர்லே போன்றவற்றில் எதிர் முனை. பழைய ஸ்ராட்டருக்கு இது பொருட்டல்ல. பீல்ட் கொயிலும் ஆமேச்சரும் ஒரே தொடரில் இருப்பதால், முனைகளை மாற்றினாலும் இரண்டும் சேர்ந்தே மாறும். மோட்டர் அதே பக்கம்தான் சுழலும். ஆனால் இப்போது வரும் சிறிய ஸ்ராட்டர்கள் பலவற்றில் பீல்ட் கொயிலுக்குப் பதிலாக நிலைக் காந்தம் உண்டு. முனை மாறினால் அவை எதிர்ப்பக்கம் சுழலும். "சின்னதாய் இருக்கு, பாரமில்லை" என்று வாங்குமுன் இதைக் கேட்டு அறிய வேண்டும்.

உறவு அறிந்தால் தேடல் சுருங்கும்

எந்த எஞ்சின் எதற்கு உறவு என்று தெரிந்தவர் கடை கடையாக அலைய மாட்டார். பெட்போட் 1931இல் இங்கிலாந்தின் லூட்டன் நகரில், செவர்லேயின் உரிமையாளரான அதே ஜெனரல் மோட்டர்ஸ் குடும்பத்தில் பிறந்தது. எனவே பழைய செவர்லேயும் பெட்போட்டும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் கார்களின் 1489 சிசி எஞ்சின் இந்தியாவின் அம்பாசடர் காரிலும் நீண்டகாலம் இருந்தது. அம்பாசடர் உற்பத்தி 2014 வரை நடந்தது. சென்னையில் 1961இல் தொடங்கிய லூக்காஸ் டிவிஎஸ் நிறுவனம் லூக்காஸ் முறை ஸ்ராட்டர்களை இந்தியாவிலேயே செய்தது. பழைய பிரித்தானிய எஞ்சின்களின் உதிரிக்கு எம்மவர் கடல் கடந்து இந்தியாவை நோக்கியது இதனாலேயே.

ஆனாலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கும் சட்டை அளவு ஒன்றல்ல. அதே பெயர் கொண்ட லொறியில்கூட, சில ஆண்டுகளின் பின் பல்லும் கழுத்தும் மாறியிருக்கும். உறவு வீட்டைக் காட்டும். பொருத்தத்தை அளவுதான் காட்டும்.

பல் உதிர்ந்த வளையம்

றிங் கியரின் பற்கள் எங்கும் ஒரே அளவில் தேய்வதில்லை. நிறுத்தியதும் எஞ்சின் அமுக்கத்தின் எதிர்ப்பில் தட்டுப்பட்டுக் குறித்த சில இடங்களிலேயே நிற்கும். நான்கு சிலிண்டரானால் இரண்டு இடம். ஆறு சிலிண்டரானால் மூன்று இடம். ஸ்ராட்டர் ஒவ்வொரு நாளும் அந்த இடங்களையே கவ்வுகிறது. வளையத்தைக் கழற்றித் தேயாத பக்கம் அந்த இடங்களுக்கு வரும்படி சற்றுத் திருப்பிப் பூட்டினால், அது இன்னொரு ஆயுள் உழைக்கும். 200 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் சூடாக்கினால் வளையம் விரியும். உருக்கு இளமஞ்சள் நிறம் காட்டும் வேளையில் பிளைவீலில் இறக்கிவிட வேண்டும். சிவக்கச் சூடாக்கினால் பல்லின் கடினம் போய்விடும். எமது லொறியின் வளையத்தில் உதிர்ந்த பற்கள் அதிகம் என்பதால் திருப்ப வழியில்லை. வேறு வளையம் தேட வேண்டியதாயிற்று.

உயிர் முக்கியம்

லொறியின் ஸ்ராட்டர் பாரமானது. கீழே படுத்துக்கொண்டு கடைசிப் போல்ற்றைக் கழற்றுபவரின் நெஞ்சில் விழும். கீழே கட்டை வைத்து அல்லது கயிற்றில் தாங்கிக் கழற்றுங்கள். அதற்கு முன் பற்றறியின் எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள். தரையில் வைத்துச் சோதிக்கும்போது ஸ்ராட்டரை இறுகப் பிணித்து, ஓரிரு விநாடி மட்டும் மின் கொடுங்கள். பாரமில்லாமல் ஓடவிட்டால் அதன் வேகம் கட்டுக்கடங்காது ஏறும்.

ஹான்டில் சுற்றும்போது பெருவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வையுங்கள். பெருவிரல் மறுபக்கம் சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி அடிக்கும்போது கை விடுபடாது. கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுங்கள். இக்னிசன் நேரத்தைப் பின்தள்ளி வையுங்கள். தடைக்காலத்தில் ஒவ்வொரு சாரதியும் இதை அறிந்திருந்தார். எமக்கு உதவிய இளைஞருக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவருக்கு இருபது வயது. அவருடைய தலைமுறை ஹான்டில் பிடித்ததில்லை. சொல்ல வேண்டிய நாமும் சொல்லவில்லை.

எழுதாத அறிவு

அவருடைய கை ஆறிவிட்டது. மழைக்காலத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறார். முதிய திருத்துநர் வேறு வளையம் தேடி எடுத்து, சரியான ஸ்ராட்டர் ஒன்றுக்குக் கழுத்து வளையம் கடைவித்துப் பூட்டித் தந்தார். அதைக் காட்ட இளைஞரையே பக்கத்தில் இருத்திக்கொண்டார். "கையை முறிச்ச பாடம், தம்பி. மறக்க மாட்டாய்" என்றார்.

எந்த லொறியின் ஸ்ராட்டர் எதற்குச் சேரும், எங்கே எவ்வளவு கடைய வேண்டும் என்ற அறிவு சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் சில முதியவர்களின் விரல் நுனியில் இருக்கிறது. அவர்கள் அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. பற்றறியும் உதிரியும் இல்லாத ஆண்டுகளில், கிடைத்ததை அளந்து, தவறிப்போய், மீண்டும் அளந்து கற்றார்கள். இடம்பெயர்வில் அவர்கள் ஆயுதங்களை இழந்தார்கள். அறிவை இழக்கவில்லை. ஆனால் அவர்கள் கண் மூடும்போது அதுவும் போய்விடும்.

நாம் இப்போது ஒரு தடித்த கொப்பி வைத்திருக்கிறோம். வாகனத்தின் பெயர், ஆண்டு, பல் எண்ணிக்கை, பினியன் விட்டம், கழுத்து விட்டம், போல்ற் துளைகளின் இடைவெளி, வோல்ற், சுழலும் திசை, எதோடு சேர்ந்தது, எதோடு சேரவில்லை என்று பக்கத்துக்கு ஒரு வாகனமாக எழுதுகிறோம். சேராததையும் எழுதுவது முக்கியம். இன்னொருவர் அதே தவறுக்கு விலை கொடுக்காதிருக்க அது உதவும். முதல் பக்கத்தில் எமது லொறியையும் எமது தவறையும் எழுதியிருக்கிறோம். அளந்து எழுதுபவர் அந்த இளைஞர்.

இத்தகைய கொப்பி ஒன்றை ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கமும், தொழிற்பயிற்சி நிலையமும், கராஜும் வைத்திருக்கலாம். ஒரு வேர்னியரும் ஒரு பென்சிலும் போதும். இறைப்பு இயந்திரத்துக்கும் உழவு இயந்திரத்துக்கும் இதே முறை பொருந்தும். வேலை செய்யும் முதியவரின் அருகே பள்ளி விட்ட பிள்ளை ஒருவரை இருத்துவதற்கு நிதியுதவியும் தேவையில்லை.

கையில் இருப்பதைக் கொண்டு வாழப் பழகியவர்கள் நாம். அதில் பெருமைப்பட இடமுண்டு. ஆனால் கிடைத்ததை எப்படியாவது பூட்டிவிடுவதைத் திறமை என்று எண்ணினால், அதன் விலையை வேறொருவரின் கை கொடுக்கும். அளந்து பார்க்கும் பத்து நிமிடத்தை எவ்வளவு அவசரத்திலும் விட்டுவிட வேண்டாம்.